பதின்மூன்றாம் படி

மலாக்கிதான் கத்தரித்தான், தன் அறையின் பழைய கம்பளத்தை.
பதினேழு படி, பதினேழு துண்டு.
நாய்க்கு இடம் கொட்டகை என்று
முந்தின நாள்வரை சொல்லிக்கொண்டிருந்த என் தம்பி
உதட்டிடுக்கில் ஆணிகளைக் கவ்வியபடி
ஒரு மாலை முழுக்கக் குனிந்தே இருந்தான்.

படி என்றால் என்னவென்று தெரியாது உனக்கு.
கூண்டு தெரியும்.
பொய் முயலின் பின்னே வளைந்து வளைந்து
புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்
மணல் பாதை தெரியும்.
எங்கள் கண்ணாடிக் கதவில் மோதிவிட்டு
நீதான் ஏதோ தவறு செய்ததுபோல்
வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றாய்.

பந்தயத் தாளில் உனக்கு நீளமான பெயர்.
யாரோ ஒருவனுடைய மதுக்கடையும் ஒரு மின்னலும் சேர்ந்தது.
கால் ஒடிந்த அன்றே
மின்னலை அடித்துவிட்டார்கள்.
நாங்கள் டில்லிஸ்க் என்றோம்.
கில்கீ பாறைகளில் காயும் கடற்பாசியின் பெயர்.
நனைந்தால் கறுப்பு, வெயிலில் செம்பு.
வெயில் இங்கே அபூர்வம் என்பதால்
பெரும்பாலும் கறுப்பாகத்தான் இருந்தாய்.

நாய் படாத பாடு என்பார்கள்.
நாய் பட்ட பாடு
உன் இரு காதுக்குள்ளும் பச்சை குத்தியிருந்தது,
எழுத்துகளாக.
என் வங்கி எண் எனக்கு நினைவில்லை.
உன் காதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

முதல் இரவு என் பின்னால் ஏறி வந்தவள்
பதின்மூன்றாம் படியில் உறைந்துவிட்டாய்.
படிக்கட்டு திரும்பும் இடம் அது.
மேலேயும் முடியாது, கீழேயும் முடியாது.
நாலு காலும் நடுங்க, எலும்பெல்லாம் தெரிய,
யாரோ மடிக்கத் தெரியாமல் விட்டுப்போன நாற்காலிபோல்.
மூன்று மணிவரை உன்னோடு உட்கார்ந்திருந்தேன்.
காலையில் மலாக்கி கேட்டது:
"அந்தப் பழைய கம்பளம் எங்கே கிடக்கிறது?"

அதன்பின் ஆறு வருடம்
நீ செய்த முக்கியமான வேலை தூக்கம்.
ஒரே ஒரு தடவை, கடல் உள்வாங்கிய ஒரு மார்ச் மாதம்,
வார் என் கையிலிருந்து நழுவியது.
முன்னால் முயல் இல்லை. பக்கத்தில் வேறு நாய் இல்லை.
ஓடினாய்.
பெயர் சொல்லிக் கூப்பிடவும் மறந்து நின்றேன்.
கரையின் கோடிவரை போய்
பெரிதாய் ஒரு வட்டமடித்து
புறப்பட்ட இடத்துக்கே வந்தாய்.
இந்தத் தடவை அந்த இடத்தில் நான் இருந்தேன்.

ஜனவரியில் அதே கால்.
எலும்புக்குள் என்றாள் மருத்துவர் சோர்கா.
ஈர மேல்சட்டையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து
ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.
மலாக்கி முற்றத்துக்குப் போய்
நேற்றுத்தான் நிரப்பிய எண்ணெய்த் தொட்டியை
மறுபடி தட்டிப் பார்த்தான்.
நான் பிஸ்கட் உறையைப் பிரித்தேன்.
உன் ஒரு காது எழுந்தது. அந்தக் காது
எழுந்தபடியே இருந்தது, கொஞ்ச நேரம்.

சென்ற வாரம் காப்பகத்திலிருந்து பேசினார்கள்.
இன்னொன்று வந்திருக்கிறதாம், வெள்ளை.
இப்போது வேண்டாம் என்றேன்.
மரியாதைக்கு அதன் பெயரைக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

நேற்று கத்தி எடுத்துக் கீழிருந்து தொடங்கினேன்.
ஒவ்வொரு துண்டிலும் உன் மயிர்,
வளைந்த ஆணி, அவன் அவசரம்.
பன்னிரண்டைப் பெயர்த்தேன்.
பதின்மூன்றில் கத்தியை வைத்துவிட்டு
அங்கேயே உட்கார்ந்தேன்.

மலாக்கி பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இரவு அவன் படுக்கப் போவது கேட்கிறது.
வெறும் மரத்தில் பூட்ஸ், ஒவ்வொரு படியாக,
பன்னிரண்டு சத்தம்.
அப்புறம் ஒன்றுமில்லை.
மெத்தென்ற படிகளில் ஏறிக்கொண்டிருக்கிறானா,
நின்றுவிட்டானா,
கீழே படுத்திருக்கும் எனக்குத் தெரியவில்லை.