சைபர் தீர்ந்துவிட்டது

காரைக்குடி பேக்கரியில்
கேக்கின் மேல் எழுதப் பெயர் கேட்டான் பையன்.
சோலாச்சி சொன்னாள்.
இங்கிலீஷ் பெயர்; இரண்டு தரம் தப்பாக எழுதி வழித்தான்.
"பாப்பாவுக்கு எத்தனை வயசு?"
"இருநூத்தம்பது."
சிரிக்காமல் எண் மெழுகுவர்த்திகளைத் துழாவினான்.
ரெண்டு இருந்தது, அஞ்சு இருந்தது,
சைபர் தீர்ந்துவிட்டதாம்.

கூட்டுறவு வங்கி மாடியில்
மாதம் ஒரு ஞாயிறு, ஆறு பேர்.
கதாநாயகனின் வருமானம் பவுனில் வந்தால்
தெய்வானை அதை நகைப் பவுனாகவே கணக்குப் போடுவாள்.
கதாநாயகி முதலில் மறுத்தது சரியா என்று மோதி
சிகப்பியும் சௌந்தரமும்
தைப்பூசம் வரை பேசவில்லை.
நான்,
என்னைப் பார்க்க வந்தவர்கள்
முகப்பில் பணியாரம் சாப்பிட்டு முடிக்குமுன்
உள்ளே நின்றபடி
இருபது பக்கம் படித்தவள்.

இருபத்தைந்து எரிந்தது.
தட்டை நீட்டிய வாட்ச்மேன் கேட்டார்:
"இருபத்தஞ்சா? இன்னும் கட்டிக் குடுக்கலையா?"
தெய்வானை பெரிய துண்டாக வெட்டினாள்.
"ஒரு வரன் வந்துச்சுண்ணே.
ராத்திரி சரின்னா,
காலையில வேண்டாம்னுட்டா."
"பெரிய எடமோ?"
"பெரிய எடந்தான்."

க்ரீமை நக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.
"காரணம் இருக்கும்."

அடுத்த மாதம் மாடியில்
ஏழு நாற்காலி போட்டிருந்தார்.