தயிர்சாதம் சாப்பிட்டீங்களா

அயனாவரம், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.
கையில் ஐஸ்பெட்டி, கக்கத்தில் படிவக் கட்டு.
கதவு திறந்த மாப்பிள்ளையின் சித்தப்பா
என்னை விட்டுப் பெட்டியைப் பார்க்கிறார்.
"ஐஸ்க்ரீமா?"
மாநகராட்சிங்க.
இதில் வேறு வைப்போம்.

ஞாயிறு இரவு வரவேற்பு.
திங்கள் நள்ளிரவு முதலில் மணப்பெண்,
விடிவதற்குள் அதே தெருவில் பதினோரு வீடு.
கொடைக்கானல் டிக்கெட் ரத்து.
புதுத் தம்பதி ஒரே கழிவறைக்கு
மாறி மாறி வழிவிடுகிறார்கள்,
முப்பது வருஷம் குடித்தனம் செய்தவர்கள் போல.

எத்தனை தடவை போச்சு?
தண்ணியாவா? வாந்தி முதல்லயா, அப்புறமா?
இதைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.

எல்லோரிடமும் ஒரு குற்றவாளி தயார்.
காளான் என்கிறார் பெண்ணின் மாமா,
காளான் வேண்டுமென்றது மாப்பிள்ளை வீடு.
லாரித் தண்ணீர் என்கிறார் சமையல் காண்ட்ராக்டர்.
பீடா என்கிறாள் பீடா போடாதவள்.
"பந்தியில ஒருத்தி எலையவே பாத்துட்டு நின்னா,
கண்ணு பட்டுடுச்சு."
அதற்குக் கட்டம் இல்லை படிவத்தில்.
'இதர' என்ற இடத்தில் எழுதிக்கொண்டேன்.

தயிர்சாதம்?
சிரிக்கிறார்கள்.
வயிறு கெட்டவன் சாப்பிடுவதே அதைத்தானே.
மணப்பெண்ணின் அப்பா, குணமாகட்டுமென்று,
ஃப்ரிட்ஜில் இருந்த கல்யாண மிச்சத்தையே
மறுபடி சாப்பிட்டிருக்கிறார்.
மீதி இரண்டு கரண்டி இப்போது என் பெட்டியில்.

இரவு, மண்டல அலுவலகம்.
ஒரு கூட்டல் குறி போட்டால் நான்கு அறை.
தயிர்சாதம் தின்றவர் ஐம்பத்தெட்டு,
படுத்தவர் நாற்பத்தொன்று.
தின்னாதவர் முப்பத்தாறு, படுத்தவர் மூன்று.
காளான் நிரபராதி.

சோறு வெந்தது. பால் காய்ந்தது. கடுகு வெடித்தது.
ஆறிய பிறகு மேலே தூவிய மாதுளை முத்துகள்
நெருப்பைப் பார்க்கவே இல்லை.
பார்த்தது ஒரு ஜோடிக் கை.

புளியந்தோப்பில் விசாரித்துப் போனேன்.
அஞ்சலாட்சி.
சனி ராத்திரி பையனுக்கு, ஞாயிறு காலை அவளுக்கு.
"ரெண்டே வாட்டிதான் மேடம்.
எலுமிச்ச ஜூஸ் குடிச்சிட்டு வந்துட்டேன்.
வரலன்னா அறுநூறு ரூபா போச்சு,
அடுத்த முகூர்த்தத்துக்கும் கூப்பிட மாட்டாங்க."
கை கழுவினீங்களா?
"கழுவாம சோத்தத் தொடுவனா?"

கழுவியிருக்கிறாள்.
குழாய் வறண்டிருந்தது, சோப்பு இல்லை,
அண்டாவில் மொண்டு கழுவியிருக்கிறாள்.
மண்டப மேலாளர் எனக்குப் பெருமையாய்க் காட்டிய
சுவர் சானிடைசருக்கு
இந்தக் கிருமி அவ்வளவாய் மசியாது.
பிறகு உட்கார்ந்து
ஐந்நூறு பேருக்கு
ஒவ்வொன்றாய் உதிர்த்திருக்கிறாள் அந்தச் சிவப்பை.

கிண்டியிலிருந்து முடிவு வந்தது. நோரோ.
அவளுக்கும் மணப்பெண்ணுக்கும் ஒரே வகை.
அந்தப் பந்தியில் அவர்கள் இருவருக்கும்
பொதுவாக இருந்தது அது ஒன்றுதான்.

காண்ட்ராக்டர் போன் செய்கிறார்:
"ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க, நிறுத்திடறேன்."
அறிக்கையில் அவள்
'உணவு கையாளுநர், பெண், 38'.

பரிந்துரை மூன்று எழுதினேன்.
சோப்பு. ஓடும் குழாய்.
உடம்பு சரியாகி இரண்டு நாள் வரை
கூலியோடு விடுப்பு.

மூன்றாவதைச் சுழித்து
ஓரத்தில் குறித்திருக்கிறார் மேலதிகாரி:
'நம் வரம்பில் இல்லை.'

பென்சில்தான்.
இழுப்பறையில் ரப்பர் தேடுகிறேன்.