ஏல எண் 41

எத்தனை வருடம் குடை தாங்கியதோ.
உள்ளே கைவிட்டால் விரலில் துரு வருகிறது,
குன்னூர் மழையின் வண்டல் வருகிறது,
ஒரு சட்டைப் பொத்தான்,
மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துப் போகாமல்விட்ட
ஒரு ரயில் டிக்கெட்.

பெட்ஃபோர்டு இறக்கத்தில் எங்கள் ஏலக்கடை.
பங்களாக்கள் கைமாறும்போது
பாத்திரங்கள் இங்கே வந்து இறங்கும்.
இந்த ஜாடி வந்த அன்று
மேகம் படியேறி உள்ளே வந்து
சுவர்க் கடிகாரத்தை மறைத்துக்கொண்டது.
மணி தெரியாமல் துடைத்தேன்.

துடைக்கத் துடைக்க நீலம்.
கழுத்தைச் சுற்றி ஊதாத் துலிப்புகள்,
வயிற்றில் தடித்த சிவப்பு –
கண்ணை மூடித் தடவினாலும்
அந்தச் சிவப்பு மேடு தட்டும்.
தோளில் ஒரு விரற்கடைப் பட்டை முழுக்க
எழுத்து.

"துருக்கியா பாரசீகமா, பார்த்து எழுது.
எழுத்து இருந்தா விலை இருக்கு"
என்றார் முதலாளி டெரன்ஸ் அருளப்பா.
கவிழ்த்துப் பார்த்தேன்.
அடியில், பாதி தேய்ந்து,
ஓர் ஆங்கிலப் பட்டறையின் முத்திரை.

அன்றிரவு பழைய பட்டியல்களோடு உட்கார்ந்தேன்.
பாரசீகத்துக் கறுத்த கல்
சீனம் போய்ச் சூளைக்குள் நீலமாகியிருக்கிறது.
சீனத்து நீலத்தில் மயங்கிய துருக்கியர்களுக்கு
சீனத்து மண் வாய்க்கவில்லை;
வெண்கல்லை மாவாய் இடித்து
வெண்மையைத் தாங்களே செய்துகொண்டார்கள்,
தங்கள் பங்குக்கு ஒரு சிவப்பையும் சேர்த்தார்கள்.
முந்நூறு வருடம் கழித்து அதைப் பார்த்து
கரிப்புகை படிந்த ஜன்னலோரம்
வாரக் கூலிக்கு யாரோ வரைந்தது இது.
பிறகு வைக்கோல், கப்பல், மாட்டுவண்டி,
கொண்டைஊசி வளைவுகள்.

பரீட்சை அறைபோலத்தான்.
எல்லோரும் முன்பெஞ்சைப் பார்த்து எழுதியவர்கள்.
முன்பெஞ்சுக்கு முன்னால் யார் என்பதற்கு
சூளையில் பதில் இல்லை, சாம்பல் இருக்கிறது.

எதிர்ச்சாரி மருந்துக்கடை முத்து ஜுலைஹாவை
வரச்சொன்னேன். காயல்பட்டினத்துக்காரி.
டாக்டர்களின் கிறுக்கலை வாசித்தே
கண் தேர்ந்தவள்.
ஜாடியை இரண்டுமுறை சுற்றிவந்தாள்,
மூன்றாம்முறை உதடு அசைந்தது.

"அரபு இல்ல. பார்சியும் இல்ல.
அரபுத்தமிழோன்னு கூட்டிப் பாத்தேன் –
எங்க ஊர்ல பால்கணக்கே அதுலதான் எழுதுவாங்க –
தமிழாவும் வரல.
டாக்டர் எழுத்துக்குள்ள ஒரு மாத்திரையாவது இருக்கும்.
இது எழுத்து மாதிரி ஆடுற கொடி."

கடைவாசலில் யாரோ இருமிக்கொண்டு நின்றார்கள்.
கிளம்பியவள் திரும்பினாள்.
"நில்லு. இந்தச் சில்லு பேந்த இடத்துக்குக் கீழ.
இது லாம். இது அலிஃப். பின்னிக் கெடக்கு.
லா."

"அப்படின்னா?"

"இல்லை."

"எழுத்து இல்லையா?"

"அட, 'இல்லை'ன்னு எழுதியிருக்குப்பா!"

சிரித்தபடியே சாலையைக் கடந்துபோய்
இருமலுக்குச் சிரப் கொடுத்தாள்.

அந்தக் கையை நினைத்துக்கொண்டேன்.
காம்பு என்று நினைத்து இழுத்திருக்கும்,
இன்னொரு காம்பைக் குறுக்கே போட்டிருக்கும்.
தெரியாத பாஷையில் ஒரு சொல்லை
ஒரேயொரு தடவை பிழையில்லாமல் எழுதிவிட்டு
மாலை மணி அடித்ததும்
தூரிகையைக் கழுவப் போயிருக்கும்.

பட்டியலில் எழுதினேன்:
'எழுத்துப் போன்ற அலங்காரம், ஒரு சொல் நீங்கலாக.'
கடைசி மூன்று சொற்களை முதலாளி அடித்தார்.
பெங்களூர்க்காரர்கள் முத்திரையைப் படமெடுத்துக்கொண்டு
ஃபோனில் பேசுகிறோம் என்று போனார்கள்.
பேசவில்லை.

எடுத்தவர் கேத்தி போஜன்.
கேரட் விற்ற பணம், புது வீடு,
வாசலில் குடை வைக்க ஒன்று வேண்டும்.
துருக்கியைக் கேட்கவில்லை,
இங்கிலாந்தைக் கேட்கவில்லை.
குழந்தையைப்போல் இடுப்பில் ஏந்தி
வெளிச்சத்துப் பக்கம் திருப்பி,
"விரிசல் எங்கயாச்சும் இருக்கா?" என்றார்.

தோளில் எழுதியிருந்ததை
அப்படியே வாசித்துச் சொன்னேன்.