எதிர்ப்பல்

கோபால்ட், குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம்:
திருநீற்றைவிட நைசான தூள்.
முகமூடி இல்லாமல் டப்பாவைத் திறந்தால்
ஹயாத்தி கத்துவாள்.
இரவெல்லாம் லேசர் அதன்மேல் கோடு கிழிக்கிறது,
உருக்கி, உறையவிட்டு, மறுபடி தூள் பரப்பி.
ஊபியின் ஆறாம் மாடியில்
நான் விளக்கைப் போடும்போது
தட்டு நிறையப் பற்கள்,
எதையும் இன்னும் கடித்திராத பற்கள்.

இன்று அதில் ஒன்று 4417.
மூன்று பல் பாலம், கீழ்த்தாடை, இடப்பக்கம்,
பீங்கான் வேண்டாம், முழு உலோகம்.
பெடோக்கிலிருந்து டாக்டர் குவெக்கின் சீட்டு:
ஆண், ஐம்பத்தெட்டு, தூக்கத்தில் பல் நறநறப்பவர்.
அடியில் பேனா அழுந்த இரண்டு கோடு.
'ரொம்பக் கெட்டியாக வேண்டும்.'

கெட்டிக்கு என்ன பஞ்சம்?
அவசரமாய்ச் சுட்டு அவசரமாய் ஆறியது
எல்லாமே கெட்டிதான்.
உள்ளே ஒவ்வோர் அடுக்கும்
கீழடுக்கைப் பிடித்து இழுத்தபடி நிற்கும்;
வெளியே தெரியாது,
காலை எட்டரை மணி ரயிலில்
கசங்காத முகத்தோடு நிற்பவர்களைப் போல.

போன வருடம் ஒருமுறை
சூளையில் வைக்காமலே தட்டிலிருந்து அறுத்தேன்.
கடைசித் தூண் விடுபட்டதும்
டிக்.
பாலம் நிமிர்ந்துகொண்டது.
முடியளவுதான்.
அந்த முடியளவில் எச்சில் புகும்,
சோறு புகும்,
தாங்குகிற பல் இருட்டில் அழுகும்.

பதினொரு மணிக்கு முதலாளி கோ
போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்:
அந்த ஆள் இன்றிரவு மெடான் போகிறாராம்,
அப்படியே அறுத்துத் தர முடியாதா?
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு,
தூக்கத்தில் இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு.
ஒரு தட்டுப் பல்லுக்கு
ஓரத்தில் ஒரு வில்லை.
அதை முதலில் சுடாமல் அளந்தேன்.
வைரக்கூர் இறங்கியது,
பதினைந்து நொடி அழுத்தியது, எழுந்தது.
நுண்ணோக்கியில் ஒரு சின்னச் சதுரக் குழி.
மூலைக்கு மூலை கணக்கிட்டால் 452.
மனிதப் பல்லின் எனாமல் முந்நூற்றுச் சொச்சம்.

அப்போதுதான் எக்ஸ்ரேயை உறையிலிருந்து எடுத்தேன்.
மேலே, நேர் எதிரே,
அவருடைய சொந்தப் பல்.
சொத்தை இல்லை, அடைப்பு இல்லை,
ஐம்பது வருடமாய் உடன் இருப்பது.
கெட்டியாக வேண்டும் என்று எழுதியவர்
யாருக்கு எதிரே என்று எழுதவில்லை.

'முடியாது' என்றேன்.
கோ என்னைப் பார்த்தார், சூளையைப் பார்த்தார்,
போனில் மாண்டரினில் நீளமாய் ஏதோ சொன்னார்.
என் பெயர் அதில் இரண்டு முறை வந்தது.

ஆர்கான் நிரம்பிய சூளை.
ஆயிரத்து நூற்றைம்பது, ஒரு மணி நேரம்.
ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம்:
முந்நூறுக்குக் கீழே வரும்வரை
கதவைத் தொடக் கூடாது.
கீழே போய் ஒரு தே ஓ கோசோங் குடித்தேன்.
மழை வந்து, நின்று, மறுபடி வந்தது.
லாரிக்காரர் ஒருவர் குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்தார்;
எந்தப் பக்கம் மெல்கிறார் என்று கவனித்தேன்.
தொழில் புத்தி.

மாலை வில்லையை மறுபடி அளந்தேன்.
குழி பெரிதாகியிருந்தது. 371.
ஏட்டில் கடினம் என்ற கட்டத்தில் எண்ணை எழுதினேன்.
பதம் என்று ஒரு சொல் இருக்கிறது எங்களிடம்,
சோற்றுக்கும் இரும்புக்கும் அதுதான்,
சொல்லுக்கும் அதே பெயர்.
கோவுக்கு இதை எப்படிச் சொல்வது?
'குறைந்திருக்கிறதே' என்றார்.
'ஆமாம்' என்றேன்.

பிறகு அறுத்தேன்,
காதைப் பக்கத்தில் வைத்து.
சத்தமில்லை.
அச்சில் வைத்தால் ஆடவில்லை.
கண்ணாடியாய் மின்னும்வரை மெருகேற்றினேன்,
சொரசொரப்பும் அரம்தானே.

அவர் மெடான் போய்விட்டார்.
அடுத்த வெள்ளி திரும்புவாராம்.
4417 பெட்டிக்குள் பஞ்சின்மேல் இருக்கிறது.
ஹயாத்தி விளக்கை அணைக்கிறாள்.
விமானத்தில் அவர் உறங்கி
தாடை அசையத் தொடங்கும் இந்நேரம்
அந்த மேற்பல்லுக்கு எதிரே
யாரும் இல்லை.
இன்னும் ஒரு வாரம்.