கால்

ஏழாலை மில்லில் வேம்பை இறக்க விடவில்லை.
"எங்கட பக்கத்து மரம். உள்ளுக்கு என்ன கிடக்கோ,
பிளேட் உடைஞ்சால் ஆர் தாறது?"

முற்றத்தில் விழுந்தது விழுந்தபடி கிடக்க
செயின் வாளோடு மச்சான் யோகசிகாமணி வந்தான்.
பெற்றோல் என் காசு.

நெஞ்சு வழியே இரண்டு. பிறகு நாலு.
ஒவ்வொரு காலாய் நிமிர்த்தி
வளையங்களுக்குக் குறுக்கே பலகை.
"ஒரே பக்கமா அறுத்தால் இன்னும் ஆறு வரும், மச்சாள்."
வரும்.
வந்து, மாரியில் கூனும்.
எனக்கு இழுத்தால் சாத்துப்படுகிற கதவு வேணும்.

மூன்றாம் காலில் வாள் கத்தியது.
பொறி.
நிறுத்தினான். ஒருவரும் பேசவில்லை.
எட்ட நிண்டு பார், என்று உளியை வாங்கி
நானே தோண்டினேன்.
கருநீலக் கறைக்குள்
ஒரு கொக்கி.
திரும்பி வந்த கிழமை
கொடிக்கயிறு கட்ட நான் அடித்தது.
அதை மூடிப் பதினேழு வளையம்.

யோகன் சிரித்தான், தேவைக்கு மேலாகவே.
பிறகு அரத்தை எடுத்துக்கொண்டு
பல் தீட்டக் குந்தினான்.

பனஞ்சிலாகை இடைவைத்து அடுக்கியாயிற்று.
கறைப் பலகை
கைபிடி உயரத்துக்கு வரட்டும்.

ஒரு கால் இன்னும் கிடக்கிறது.
பெற்றோல் முடிந்துவிட்டது.