பூஜ்ஜியத்துக்குக் கீழே

ஓசூரில் எனக்கு வேலை முள் வைப்பது.
மணி முள், நிமிட முள், நொடி முள்,
ஒரு ஷிப்டுக்கு எழுநூற்று இருபது முகங்கள்.
விரல்களுக்கு ரப்பர் உறை.
நெயில்பாலிஷ் கூடாது. பொட்டைக்கூட
கதவோரக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.
அந்தக் கண்ணாடிக்கு எப்போதும் நூறு நெற்றி.

லிங்கேஸ்வரி கல்யாணமாகித் தளிக்குப் போகும்போது
ஆளுக்கொரு நெயில்பாலிஷ் கொடுத்துவிட்டுப் போனாள்.
எங்களால் போட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.
எனக்கு வந்தது சிவப்பு.
குங்குமம் இல்லை, ரத்தமும் இல்லை,
டோல்கேட்டில் முன்னால் நிற்கிற லாரியின்
பின்விளக்கு, அந்தச் சிவப்பு.

பதினோரு மாதம் பீரோவில் கிடந்தது.

கார் வந்தது ஆடியில்.
ஆடி என்பதால் ஆறாயிரம் குறைத்துக் கொடுத்தார்
பர்கூர் ஜவுளிக்காரர்.
பழைய ஜென். ஸ்டியரிங்குக்குப் பின்னால்
மூன்று முள்ளும் வெயில் குடித்து வெளுத்து,
இலையோரம் ஒதுக்கிய மீன் முள் மாதிரி.

ஒரு ஞாயிறு மீட்டரைக் கழற்றிக் கட்டிலில் வைத்தேன்.
முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பார்கள்.
பேக்கரி கேக்கோடு வந்த
இரண்டு பிளாஸ்டிக் முள் கரண்டி போதுமாயிருந்தது.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று.
வேக முள் ஒரு சின்னக் கம்பியில் சாய்ந்து நிற்கிறது.
நாம் பூஜ்ஜியம் என்று படிப்பது அந்தக் கம்பியைத்தான்.
நுனியைத் தூக்கிக் கம்பிக்கு அப்புறம் விட்டேன்.
விழுந்தது.
பூஜ்ஜியத்துக்கும் கீழே, எண்ணே இல்லாத கறுப்பில்
இரண்டு முறை ஆடி
நின்றது.
அதுதான் அதன் இடம்.
ஷெட்டில் நின்ற வருஷங்களிலும் அது ஓய்ந்திருக்கவில்லை,
முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.
குக்கர் நான்கு விசில் அடிக்கும்வரை
பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு
பிளாஸ்திரி கிழித்து அந்த இடத்துக்குக் குறி வைத்தேன்.

கனமாய்ப் பூசினால் முள் சோம்பும்.
மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு, அவ்வளவுதான்.
மூன்றையும் ஒரு உருளைக்கிழங்கில் நட்டு உலரவிட்டேன்.
உருளைக்கிழங்குக்கு அன்று எங்கோ கல்யாணம்.

பெட்ரோல் முள்ளுக்குக் குறி வைக்க மறந்துவிட்டேன்.

எழுநூற்று இருபதில் ஒன்று
மயிரிழை கோணினாலும் சிவப்புத் தட்டில் போடுகிறவள்.
கண்மட்டத்தில் வைத்து அழுத்தினேன்.
பாஸ்.

செவ்வாய், செகண்ட் ஷிப்ட் விட்டு வரும்போது
கோனேரிப்பள்ளி தாண்டி வண்டி விக்கி விக்கி நின்றது.
லாரிகள் போகும்போதெல்லாம் கார் ஒருமுறை குலுங்கியது.
கொத்தமல்லிக் கட்டோடு ஒரு எக்ஸெல் வந்து ஒதுங்கியது.
டேங்கில் 'திம்மராயப்பா துணை'.
அவர் டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.
"பாதி டேங்க் காட்டுதேம்மா."
"அது நான் வெச்சதுங்க."
அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.
தன் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலில் பிடித்து ஊற்றினார்.
ஐம்பது கொடுத்தேன், பத்தைத் திருப்பித் தந்தார்.
நோட்டில் பெட்ரோலும் மல்லியும் மணந்தன.

விளக்கைப் போட்ட பிறகுதான் பார்த்தேன்.
பகலில் அத்தனை சிவப்பு,
இரவில் முள்ளே இல்லை.
முள்ளுக்குள்ளிருந்து வரும் வெளிச்சத்தை
நெயில்பாலிஷ் விடுவதில்லை.
எண்கள் மட்டும் பச்சையாய் எரிந்தன.
எந்த எண் மறைகிறதோ அதுதான் வேகம்.
நாற்பது மறைந்தது. கொஞ்சம் அழுத்தினேன்,
நாற்பது திரும்பி வந்துவிட்டது, ஐம்பதைக் காணோம்.
சூளகிரி மலை இருட்டில் எங்கே இருக்கிறது என்றும்
அப்படித்தான் கண்டுபிடித்தேன்,
நட்சத்திரம் இல்லாத இடம்.

திருத்தலாம். இன்னொரு ஞாயிறு வேண்டும்.

வீட்டுக்கு வந்து, பாட்டிலைக் கவிழ்த்து வைத்து,
மிச்சத்தை இடது கால் விரல்களில் வைத்தேன்.
ஷூவுக்குள் யாரும் சோதிப்பதில்லை.
நான்கு விரலுக்குத்தான் வந்தது.