கரைக்கும் தாகம்

ஜியாயூகுவான் தாண்டியதும் மறுபடி நிறுத்தச் சொன்னான்.
ஒரு மணி நேரத்தில் நான்காவது முறை.
கோபியின் சரளை மேல் முதுகு காட்டி அவன் நிற்க
ஸ்டியரிங்கில் விரல் தட்டி எண்ணினேன்:
எழுபது, எண்பது, தொண்ணூறு.
பாலைக்கு இவ்வளவு தண்ணீர் வார்ப்பவன்
ஏன் இப்படிக் காய்ந்துபோகிறான்?

கண்கூசும் வெயிலுக்குத் தட்டியை இறக்கினேன்.
மடித்த தாள் ஒன்று மடியில் விழுந்தது.
லான்ஜோ மருத்துவமனை. பாவ் சிங்லின். ஆண். நாற்பத்தேழு.
சர்க்கரை பதினாறு புள்ளி இரண்டு.
தேதி போன வருடத்துக்கு முந்தைய வசந்தம்.
அவன் ஏறி உட்கார்ந்தான்.
தாளைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான்.
ஹாமி வரைக்கும் இருவரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் ஜாங்யேயில் லாரியை ஓரம் கட்டி
டயர்க் கடைக்குப் பின்னால் இருக்கும்
மருத்துவர் நியேவிடம் இழுத்துப் போனேன்.
நாக்கை நீட்டச் சொன்னாள்.
சிவப்பு; நடுவில் மஞ்சள் பூச்சு, அதிலும் ஒரு வெடிப்பு,
மழை பார்க்காத வயல் போல.
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தாள்.
முதல் விரலுக்கு அங்குலம் என்று பேர்
மூன்றாவதற்கு அடி
நடுவிரலுக்குக் கணவாய்.
நாங்கள் வாரம் இருமுறை கடக்கும் கோட்டையின் பேரிலும்
அதே கணவாய்தான்.
என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை. அங்கேதான் நெரிசல் என்றாள்.

இந்த நோய்க்குப் பழைய பேர் கரைக்கும் தாகம்.
மேலே கரைந்தால் நுரையீரல் வறளும்,
மேகம் இருக்கும், மழை இறங்காது, குடித்துக்கொண்டே இருப்பார்.
நடுவில் கரைந்தால் வயிற்றில் உலை,
போட்டதெல்லாம் சாம்பல்.
கீழே கரைந்தால் சிறுநீரகம்
பூட்ட மறந்த மதகு.

இவருக்கு எது என்று கேட்டேன்.
எந்த வருடத்தைக் கேட்கிறீர்கள் என்றாள்.

அப்போதுதான் உறைத்தது.
ஒரு ஃபிளாஸ்க் மூன்றான வருடம், கோடை என்றேன்.
நான்கு கிண்ணம் நூடுல்ஸ் தின்றும் பசித்த வருடம்
உழைப்பு என்றேன்.
பெல்ட்டில் ஆணியால் அவன் புதுத் துளை போட்டபோது
இளைத்து அழகானாய் என்று முத்தமிட்டேன்.
குளியலறைச் சுவரோரம் எறும்பு வரிசை கண்டு
பொடி வாங்கித் தூவினேன்.
மூன்று கதவும் என் கண்ணெதிரே திறந்தன.
ஒவ்வொன்றுக்கும் நல்ல பேராக வைத்திருந்தேன்.

விழுங்கிய கசப்பும் தீயாகும் என்றாள் மருத்துவர்,
எவரையும் பார்க்காமல், எழுதிக்கொண்டே.
லாரிக் கடன் இன்னும் பதினேழு தவணை.
அவன் காது மடல் சிவந்தது.

வெள்ளை மாத்திரையை நிறுத்தினால்
என் வாசலை மிதிக்காதே என்றும் சொன்னாள்.
பிறகு சீட்டு: காட்டுக் கிழங்கு, கசப்பு வேர்,
முப்பது கிராம் ஜிப்சம்.
ஜிப்சமா? நேற்று இருபது டன் இறக்கினோமே!
கல்லைக் குடிக்கவா என்றான் சிங்லின்,
நான்கு நாளில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம்.
கஷாயத்தின் பேர் வெள்ளைப்புலி என்றாள்.
அது அவனுக்குப் பிடித்துவிட்டது.

இரவு கேபினில் ரைஸ் குக்கர் கொதிக்கிறது.
கல்லை முதலில் போட்டேன், அரை மணி,
பிறகுதான் வேர்கள்.
கண்ணாடியெல்லாம் ஆவி.
தாளை ஏன் ஒளித்தாய் என்று கேட்டேன்.
படித்தால் நீ ஓட்டவிட மாட்டாய் என்றான்.
விட்டிருக்க மாட்டேன்தான்.
மூக்கைப் பிடித்துக் குடித்து
புலி நாறுகிறது என்றான்.

கொஞ்ச நேரத்தில் இறங்கினான்.
குளிர் வெட்டியது; நானும் இறங்கினேன்.
முதுகோடு முதுகு கொடுத்து நின்று
நட்சத்திரம் பார்ப்பதுபோல் எண்ணினேன்.
அறுபத்தெட்டு.
குறைந்திருக்கிறதா
நான் வேகமாக எண்ணினேனா, தெரியவில்லை.